அப்பாவுக்கு ஆபரேஷனா, வேண்டாமா?

இந்தப் பத்திரிகையின் கேள்வி-பதில் பகுதிக்கு இதுவரை மூன்று முறை எழுதியிருக்கிறேன். மஞ்சளில் கிழங்கழுகல் பற்றி இரண்டு முறை, சொட்டுநீர்க் குழாயில் உப்பு அடைப்பது பற்றி ஒரு முறை. பதில் வந்தது, பயன்பட்டது. இந்த முறை எழுதுவது பயிரைப் பற்றி இல்லை. சுற்றுவட்டாரத்தில் யாருக்காவது சிறுநீரகத்தில் கட்டி என்று தெரிந்தால், "உங்க அப்பாவுக்கு என்ன பண்ணினீங்க?" என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள். போன மாதம் ஒருவர் ஸ்கேன் கவரோடு தோட்டத்துக்கே வந்துவிட்டார். ஆளுக்கு அரையும் குறையுமாகச் சொல்வதைவிட, நடந்ததை ஒரே முறையாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

எங்கள் ஊர் ஈரோடு மாவட்டம், கவுந்தப்பாடி பக்கம். கீழ்பவானி வாய்க்கால் தண்ணீரும் கிணறுமாகச் சேர்ந்து நாலரை ஏக்கர். மஞ்சள், கரும்பு, வரப்போரம் தென்னை. அப்பாவுக்கு 2021-ல் 63 வயது. பீடி, சாராயம் எதுவும் கிடையாது. அந்த வருஷம் ஆடி மாதம் ஒரு நாள் காலையில் சிறுநீர் செம்மண் தண்ணீர் மாதிரிப் போனதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். வலி இல்லை. இரண்டு நாளில் நின்றுவிட்டது. வெயிலில் நின்ற சூடு என்று இளநீர் குடித்தார். ஐப்பசியில் மறுபடியும் வந்தது. கல்லாக இருக்கும் என்று சிறுபீளையும் நெருஞ்சி முள்ளும் போட்டுக் கஷாயம் வைத்துக் குடித்தார். அதுவும் நின்றது. கஷாயத்தால் நின்றது என்று நம்பினார், நாங்களும் நம்பினோம். உண்மையில் இந்த நோயில் ரத்தம் தானாக வரும், தானாக நிற்கும். கஷாயத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் போனால், அது ஒரே ஒரு தடவையாக இருந்தாலும், முதலில் வயிற்றை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுங்கள். கஷாயம் அதற்கப்புறம். எங்களுக்கு ஏழு மாதம் போய்விட்டது.

2022 மாசியில் மஞ்சள் வேக வைத்துக்கொண்டிருந்தோம். அப்பாவின் வேட்டிக்கட்டு இடுப்பில் நிற்கவில்லை. அந்த அளவுக்கு இளைத்திருந்தார். நான்தான் பிடிவாதமாக ஈரோட்டுக்குக் கூட்டிப்போனேன். ஸ்கேன் எடுத்தவர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். இடது சிறுநீரகத்தில் பதினொரு சென்டிமீட்டர் கட்டி. பிறகு கோயமுத்தூரில் மருந்து ஏற்றி சி.டி. ஸ்கேன். நுரையீரல் இரண்டிலும் சின்னச் சின்னதாக ஏழெட்டு இடத்தில் பரவியிருந்தது. சிறுநீரகத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்க்குள்ளும் கட்டியின் ஒரு நுனி போயிருந்தது. ரத்த அளவு 8.9. ரத்தத்தில் கால்சியம் கூடியிருந்தது. ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் என்று உறுதியானது.

அன்றிரவு தம்பியும் நானும் கிணற்று மேட்டில் உட்கார்ந்து பேசினோம். தம்பி திருப்பூரில் கம்பெனி வேலை. அவன் ஒரே வார்த்தையில் நின்றான்: "எடுத்துரலாம்ண்ணா. எவ்வளவு செலவானாலும் எடுத்துரலாம்." மாமா ஒருத்தர், அம்மாவின் அண்ணன், அதற்கு ஒத்து ஊதினார். அவருடைய சகலைக்கு ஒரு சிறுநீரகத்தை எடுத்து எட்டு வருஷமாகிறது, இன்னும் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார். நாங்கள் முதலில் போன ஆஸ்பத்திரியிலும் நாளைக்கே சேர்த்துவிடுங்கள், முன்பணம் கட்டிவிடுங்கள் என்றுதான் சொன்னார்கள். நுரையீரலைப் பற்றி நான் கேட்டபோது, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அவ்வளவுதான் பதில்.

அப்பாவிடம் என்ன சொன்னோம்? 'கட்டி, சின்ன ஆபரேஷன்' என்று சொன்னோம். பயந்துவிடுவார், சாப்பிட மாட்டார் என்று அம்மாவே எங்களிடம் கேட்டுக்கொண்டாள். எல்லா வீட்டிலும் இப்படித்தான் செய்கிறார்கள். நல்லெண்ணத்தில்தான்.

அது எப்படி உடைந்தது என்றால், தரகர் வந்து உடைத்தார். தம்பி அவசரத்தில் கிணற்றுமேட்டு ஒரு ஏக்கருக்கு விலை கேட்கச் சொல்லி ஒரு தரகரிடம் வாய்விட்டிருக்கிறான். அந்தத் தரகர் நான் இல்லாத நேரத்தில் வந்து, அப்பாவிடமே, "வைத்தியத்துக்குன்னா சீக்கிரம் முடிச்சுத் தரேனுங்க, கவலைப்படாதீங்க" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நான் வந்தபோது அப்பா களத்தில் காய்ந்துகொண்டிருந்த மஞ்சளைக் கால்களால் கிளறிக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்.

"ஏண்டா கண்ணு, காட்டை விக்கற அளவுக்கு எனக்கு என்ன வந்திருக்குது? தரகனுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியக்கூடாதா?"

எனக்கு வாய் வரவில்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். நுரையீரலையும் சேர்த்துத்தான். அவர் அழவில்லை. கொஞ்ச நேரம் சும்மா நின்றார். "செரி, அந்த டாக்டரை நானே பாக்கோணும்" என்றார். முதல் ஆஸ்பத்திரிக்கு அவர் மறுபடி வரவில்லை. தெரிந்தவர் ஒருவர் சொல்லி வேறொரு ஆஸ்பத்திரியில் சிறுநீரக அறுவை மருத்துவரைப் பார்த்தோம். ரிப்போர்ட், ஸ்கேன் படம், சி.டி. எல்லாவற்றையும் கையோடு எடுத்துக்கொண்டு போனோம். இதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கேன் படமும் ரிப்போர்ட்டும் நோயாளியுடையது. கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இன்னொரு டாக்டரைப் பார்க்கும்போது திரும்ப எடுக்கச் சொல்ல மாட்டார்கள்.

அந்த டாக்டர் பேசியது என்னைவிட அப்பாவிடம்தான்.

"ஏனுங் டாக்டர், இதை எடுத்துட்டா நுரையீரல்ல இருக்கறது போயிருமுங்களா?"

"போகாதுங்கய்யா. அது அங்கேயேதான் இருக்கும். அதுக்குத் தனியா மருந்து சாப்பிடணும்."

"அப்ப எதுக்குங்க எடுக்கறது?"

டாக்டர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார். நோய் சிறுநீரகத்தோடு நின்றிருந்தால் எடுத்துவிடுவதுதான் வைத்தியம். பலருக்கு அதோடு நோய் தீர்ந்துவிடும், மாமாவின் சகலைக்கு நடந்தது அதுதான். பரவிவிட்டால் கணக்கு வேறு. முன்பெல்லாம் பரவியிருந்தாலும் தாய்க் கட்டியை எடுத்துவிட்டுத்தான் மருந்து தருவார்கள், அதுதான் நடைமுறை. பிறகு முக்கியமாகப் பிரான்சில் 450 நோயாளிகளைச் சேர்த்துப் பாதிப் பேருக்கு ஆபரேஷனும் மாத்திரையும், பாதிப் பேருக்கு மாத்திரை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். 2018-ல் முடிவு வந்தது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் பாதிப் பேர் சுமார் 14 மாதத்தைத் தாண்டி இருந்தார்கள். மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் சுமார் 18 மாதத்தைத் தாண்டி இருந்தார்கள். ஆபரேஷனைத் தள்ளிவைத்ததால் அவர்களுக்கு நஷ்டம் எதுவும் வரவில்லை என்று தெரிந்தது. அதற்குப் பிறகு ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

"உடம்பு தெம்பா இருந்து, பரவினதும் ஒண்ணு ரெண்டு இடம்தான்னா நானே எடுக்கலாம்னு சொல்லுவேன். உங்களுக்கு ரத்தம் குறைவா இருக்கு, கால்சியம் கூடியிருக்கு, நுரையீரல் ரெண்டுலயும் இருக்கு. ரத்தக்குழாய்க்குள்ள வேற போயிருக்கு, அதனால வயித்தைப் பெருசாத் திறந்து பண்ணணும். புண் ஆறுற வரைக்கும் மருந்து தொடங்க முடியாது. அந்த நேரத்துல நுரையீரல்ல இருக்கறது சும்மா இருக்காதுங்கய்யா."

அப்பா அன்றைக்குச் சொன்னதை அந்த டாக்டர் பிறகு இரண்டு மூன்று தடவை என்னிடம் நினைவுபடுத்தினார். "கிழங்கழுகல் ஒரு பாத்தியில இருந்தா தோண்டி வெளிய எறியலாமுங்க. மடைத் தண்ணியோட நாலு பாத்திக்குப் போயிட்டா, அந்த ஒரு பாத்தியைத் தோண்டிட்டு உக்காந்திருக்க முடியுமுங்களா?" மஞ்சள் போட்டவர்களுக்கு இது புரியும். ஆனால் எல்லா நோயாளிக்கும் இந்தக் கணக்கு ஒத்துவராது என்பதையும் டாக்டர் உடனே சொன்னார். ரத்தம் நிற்காமல் போனாலோ, கட்டியால் வலி தாங்க முடியாமல் போனாலோ, பரவியிருந்தாலும் எடுக்க வேண்டி வரலாம். அல்லது அந்தச் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்துவிடுவார்கள். ஆகவே என்னிடம் ஸ்கேன் கவரோடு வருகிறவர்களுக்கு நான் சொல்வது, எங்கள் அப்பாவுக்குச் செய்யவில்லை என்பதால் நீங்களும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள் என்பதுதான்.

அவரே எங்களைப் புற்றுநோய் மருந்து தரும் இன்னொரு டாக்டரிடம் அனுப்பினார். இந்த இரண்டு பேரும் வேறு வேறு என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. வெட்டுகிறவர் ஒருவர், மருந்து கொடுக்கிறவர் ஒருவர். பரவிய நோய் என்றால் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டும். சிறுநீரகப் புற்றுக்கு வழக்கமான கீமோ ஊசி அவ்வளவாக வேலை செய்யாது என்பதும் அங்கேதான் தெரிந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் ஊசிகள் இருக்கின்றன, அப்பா மாதிரி நிலையில் இருப்பவர்களுக்கு முதலில் யோசிப்பது அதைத்தான் என்றார் டாக்டர். பல லட்சம் ஆகும் என்றும் ஒளிக்காமல் சொன்னார். தம்பி அங்கேயே ஏக்கர் பேச்சை எடுத்தான். அப்பா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "உங்கம்மாளுக்கு மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான். அதைத் தொடாதீங்க." டாக்டர் முன்னால் நாங்கள் மூன்று பேரும் வாக்குவாதம் செய்ததை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. கடைசியில் மாத்திரை என்று முடிவானது. பஸோபனிப் என்று பெயர். அதையே பல கம்பெனிகள் செய்கின்றன, விலையும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். குறைந்த விலையில் உள்ளதை எழுதித் தரும்படி கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை எங்களிடம் இல்லாமல் இருந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீசில் உள்ள மையத்தில் பதிவு செய்யலாம். குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை. எல்லா மருந்துக்கும் அதில் பணம் வராது. எது வரும் எது வராது என்பதை ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் சிகிச்சை தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். நோய் வந்த பிறகு அட்டைக்கு அலைவது பெரிய சிரமம். இப்போதே எடுத்து வையுங்கள்.

மாத்திரை தொடங்கியது பங்குனியில். வெறும் வயிற்றில்தான் சாப்பிட வேண்டும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, இல்லாவிட்டால் இரண்டு மணி நேரம் கழித்து. ரத்த அழுத்தம் ஏறியது, அதற்கு ஒரு மாத்திரை. வயிற்றுப்போக்கு, நாக்கில் ருசி இல்லை. ஈரலைப் பாதிக்கலாம் என்று அடிக்கடி ரத்தப் பரிசோதனை. நாட்டு மருந்து எதையும் கூடச் சேர்க்க வேண்டாம், ஈரலுக்கு எது கெடுதல் செய்தது என்று கண்டுபிடிக்க முடியாமல் போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அப்பா கஷாயச் சட்டியை அவரே கழுவிக் கவிழ்த்தார். இன்னொன்று, அவருக்கு 63 வயதிலும் மீசை கறுப்பாக இருந்தது. அந்தப் பெருமை அவருக்கு உண்டு. இந்த மாத்திரையில் நாலு மாதத்தில் மீசை, தலைமுடி எல்லாம் பஞ்சு மாதிரி வெளுத்துவிட்டது. அது மருந்தின் குணம்தான் என்று டாக்டர் சொன்னார். அப்பா கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார். அம்மாதான் அழுதாள்.

மஞ்சள் கணக்கு எழுதும் நோட்டிலேயே ரத்த அழுத்தத்தையும் எழுதி வைத்தார். 'வாய்மடை முறை, ராத்திரி 2 மணி. பிரஷர் 150/90.' எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும்.

புரட்டாசியில் மறு ஸ்கேன். நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை. நுரையீரலில் இருந்தவை பாதிக்கு மேல் சுருங்கியிருந்தன. சிறுநீரகக் கட்டி எட்டு சென்டிமீட்டர். ரத்த அளவு 11-ஐத் தாண்டிவிட்டது, கால்சியம் இறங்கிவிட்டது. இப்போது ஆபரேஷனை மறுபடியும் யோசிக்கலாம் என்றார்கள் இரண்டு டாக்டர்களும். மருந்துக்குக் கட்டுப்பட்டவர்களில் சிலருக்கு அந்த நேரத்தில் சிறுநீரகத்தை எடுப்பதால் பலன் இருக்கலாம், உறுதி சொல்ல முடியாது, மாத்திரையைத் தொடர வேண்டியிருக்கும், செய்துகொள்ளாவிட்டாலும் தவறில்லை என்றார்கள்.

முதல் முடிவைவிட இதுதான் கஷ்டமாக இருந்தது. முதல் தடவை டாக்டரே வேண்டாம் என்ற பக்கம் நின்றார். இந்தத் தடவை இரண்டு பக்கமும் சமமாக நின்றது, முடிவை எங்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். இப்போது நான் தம்பியின் பக்கம் போய்விட்டேன். உடம்பு தேறியிருக்கும்போதே எடுத்துவிட வேண்டும் என்று பட்டது. அப்பா கேட்டது அதே கேள்வியைத்தான்: "இப்ப எடுத்தா மட்டும் நுரையீரல்ல இருக்கறது போயிருமுங்களா?" போகாது என்றார்கள். ஆஸ்பத்திரியில் பத்து நாள், வீட்டில் ஒன்றரை மாதம் பாரம் தூக்காமல். ஒரு சிறுநீரகத்தோடு மாத்திரை. அறுவை மேஜையிலேயே ஏதாவது ஆகிவிடும் ஆபத்து சின்ன அளவில் உண்டு.

"எனக்கு இப்ப நல்லாருக்குது. நல்லாருக்கற மாசத்தை ஆஸ்பத்திரியில கொண்டுபோய்க் கழிக்க நான் வரலை" என்றார்.

நான் விடவில்லை. பேசிப் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன். எங்களுக்காகவாவது செய்துகொள்ளக் கூடாதா என்று கேட்டுவிட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. மூன்று நாள் இரண்டு பேருக்கும் பேச்சில்லை. நான்காம் நாள் அம்மாதான் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். "அவரு உடம்புல கத்தி வைக்கறதுக்கு நீ ஏஞ்சாமி இப்படி நிக்கற? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நம்ம எல்லாம் பண்ணிட்டோம்னு உனக்குச் சொல்லிக்கோணும். அதுக்குத்தான?" எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதி, எனக்கு அப்பா வேண்டும் என்பது. அதை அவளிடம் சொல்லத் தெரியவில்லை.

ஆபரேஷன் செய்யவில்லை. அந்த ஐப்பசி, கார்த்திகை முழுக்க அவர் மஞ்சளுக்கு மண் அணைத்தார், தண்ணீர் கட்டினார். தை முடிந்து மஞ்சள் வெட்டும்போது ஆள்களோடு நின்றார். பேத்தியின் காதுகுத்துக்குக் கொடுமுடிக்கு வேனில் வந்தார்.

2023 சித்திரையில் நுரையீரலில் மறுபடி வளர ஆரம்பித்தது. மாத்திரையை மாற்றினார்கள். ஆவணியில் இடுப்பெலும்புக்கு வந்துவிட்டது. வலி. ஐந்து நாள் கரண்ட் வைத்ததில் வலி வெகுவாகக் குறைந்தது. அரசு ஆஸ்பத்திரியில் மார்ஃபின் மாத்திரை கொடுத்தார்கள். அது போதை மருந்து, பழகிவிடும் என்று பயந்து முதல் வாரம் நாங்கள் ஒழுங்காகக் கொடுக்கவில்லை, அந்த ஒரு வாரம் அவர் வீணாக வலியில் கிடந்தார். டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுத்துவிடுங்கள், வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு நர்சம்மா வீட்டுக்கே வந்து புண் பார்த்து, படுக்கையில் எப்படிப் புரட்டுவது என்று அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தார். கார்த்திகையில் அப்பா வீட்டிலேயே காலமானார். நோய் தெரிந்து இருபத்தொரு மாதம்.

புரட்டாசியில் எடுத்திருந்தால் இன்னும் கொஞ்சம் நாள் கூட இருந்திருப்பாரோ என்று தம்பி இப்போதும் எப்போதாவது கேட்பான். கூட இருந்திருக்கலாம், ஆபரேஷன் மேஜையிலேயே போயும் இருக்கலாம். அந்த டாக்டரிடமே கேட்டேன். தெரியாது என்றுதான் சொன்னார். அப்படிச் சொன்னதற்காகவே எனக்கு அவர்மேல் மதிப்பு.

தோட்டத்துக்கு ஸ்கேன் கவரோடு வந்தவர், பக்கத்து ஊரில் பருத்தி போடுகிறவர், தன் அண்ணனுக்காகக் கேட்டார். கவரைத் திறந்து படிக்க எனக்குத் தெரியாது. இரண்டு கேள்விதான் கேட்டேன். வேறு இடத்துக்குப் பரவியிருக்கிறதா? அண்ணனிடம் சொல்லிவிட்டீர்களா? முதல் கேள்விக்கு இல்லை என்றார். அப்படியானால் தள்ளிப்போடாமல் அறுவை டாக்டரைப் பாருங்கள், உங்களுடையது எங்கள் கதை இல்லை என்றேன். இரண்டாவது கேள்விக்குத் தலையைக் குனிந்துகொண்டார். "கல்லுன்னு சொல்லி வெச்சிருக்கோமுங்க" என்றார். தரகர் வந்த கதையை அவருக்கு முழுசாகச் சொன்னேன். கேட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்குத்தான் போனார்.

கிணற்றுமேட்டு ஏக்கர் அம்மா பேரில் இருக்கிறது. இந்த வருஷம் தம்பி திருப்பூரிலிருந்து வாராவாரம் வந்து அதில் மஞ்சள் போட்டிருக்கிறான். கிழக்கோரப் பாத்தியில் இலை மஞ்சளடிக்கிறது என்று நேற்று போன் செய்தான். போய்ப் பார்க்க வேண்டும்.